'டெட்' என்ற சொல்லில் அந்த பி எதற்கு?

இது நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். ஆங்கிலம் படிக்காத என் அக்காவும் இதைப் படிப்பார் என்பதால் ஆங்கில எழுத்தே போடாமல் எழுதுகிறேன். அதில் ஒரு சங்கடம் உண்டு. பந்துக்கு 'பால்' என்கிறோமே அந்த பி-யும், பேனாவுக்கு 'பென்' என்கிறோமே அந்த பி-யும் தமிழில் ஒன்றுபோலத்தான் தெரியும். 'டி' கதையும் அதேதான். இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிலில் அடி வாங்கியிருக்கும் ஒருவன், "நான் நம்பிக்கையை இழக்க மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டான். இழப்பதைக் குறிக்கும் 'லூஸ்' என்ற சொல்லுக்கு ஒரே ஓ-தான். அவன் இரண்டு ஓ போட்டுவிட்டான். இரண்டு ஓ போட்டால் தளர்ந்தது, கழன்றது என்று பொருள். அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் மூன்றாவது பொருளையும் சேர்த்து நாலைந்து பேர் கேலி செய்தார்கள். கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. "சார் கிளாஸ்ல தூங்கிட்டியாடா" என்று ஒருவர் என்னையும் இழுத்துவிட்டார். அன்று இரவே அவன் குழுவை விட்டு வெளியேறிவிட்டான்.

அவன் தூங்கவில்லை. அது எனக்குத்தான் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் டிக்டேஷன். கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல்லைச் சொன்னேன். சரியான எழுத்து டி, இ, பி, டி. அவன் டி, இ, டி என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்து, ஐம்பது முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அவன் நோட்டை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். "சார், அந்த பி-யை வாயால சொல்லவே இல்லையே, அப்புறம் எதுக்கு சார் எழுதணும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லும் தைரியமும் அந்த வயதில் எனக்கு இல்லை. "வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான், நீ எழுதுடா. எழுதலேன்னா கடன் வாங்கினவன் செத்தே போயிடுவான்" என்றேன். செத்தவனுக்கும் ஆங்கிலத்தில் 'டெட்' என்பதுதானே உச்சரிப்பு. வகுப்பே சிரித்தது. அவன் ஐம்பது முறை எழுதிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு ஆண்டு முடியும்வரை என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலை ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் செய்தி, அவன் எழுதியதுதான் பழைய வழக்கம். அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சாசர் என்ற பெரும் கவிஞர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் அதை டி, இ, டி, டி, இ என்று எழுதினார்கள். பி இல்லை. பிரெஞ்சுக்காரர்களும் இன்று பி இல்லாமல்தான் எழுதுகிறார்கள். பிறகு படித்தவர்களுக்கு லத்தீன் மோகம் வந்தது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுவதும் பழைய லத்தீன் நூல்களைத் தேடித் தேடிப் படித்த காலம் அது. லத்தீனில் கடனுக்கு 'டெபிட்டும்' என்று பெயர். உங்கள் பாஸ்புக்கில் இருக்கும் 'டெபிட்' அதே குடும்பம்தான். அதில் பி இருக்கிறதே, அப்படியானால் நம் சொல்லிலும் இருக்க வேண்டும் என்று பண்டிதர்கள் நடுவில் ஒரு பி-யைச் செருகிவிட்டார்கள். வாயில் இல்லாத எழுத்து தாளில் ஏறிவிட்டது. சந்தேகம் என்று பொருள்படும் 'டவுட்' என்ற சொல்லில் நிற்கும் ஊமை பி-யும் இப்படி வந்ததுதான்.

ரசீதுக்கு ஆங்கிலத்தில் 'ரிசீட்'. அதில் ஒரு பி ஒளிந்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதுவும் லத்தீனைப் பார்த்து ஒட்ட வைத்ததே. ஆனால் வஞ்சகத்துக்கு 'டிசீட்', தற்பெருமைக்கு 'கன்சீட்' என்கிறோமே, இவையும் அதே வீட்டுப் பிள்ளைகள். இவற்றுக்கு மட்டும் பி ஒட்டாமல் விட்டுவிட்டார்கள். மூன்று பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் மொட்டை அடித்த கதை. இதில் விதி எது என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

இவற்றுக்காவது லத்தீன் உறவு உண்மை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' கதை இன்னும் வேடிக்கையானது. அது லத்தீனே இல்லை. நீர் சூழ்ந்த நிலம் என்ற பொருளில் பழைய ஆங்கிலத்திலேயே பிறந்த சொல். அதில் எஸ் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. லத்தீனில் தீவுக்கு 'இன்சுலா' என்று பெயர். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக 'ஐல்' என்று இன்னொரு சொல் வந்து, அதற்கு எஸ் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்து இதற்கும் ஒரு எஸ்-ஐ மாட்டிவிட்டார்கள். அதாவது பண்டிதர்கள் செய்த ஸ்பெல்லிங் மிஸ்டேக். அதை எழுதாத பிள்ளைகளுக்கு நான் முப்பது வருடங்களுக்கு மேல் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

இதே போலத்தான் 'குட்' என்ற துணைவினையில் வரும் எல். 'வுட்', 'ஷுட்' இரண்டிலும் எல் இருப்பதற்குக் காரணம் உண்டு, அவற்றின் மூலச் சொற்களிலேயே எல் இருக்கிறது. 'குட்' என்பதன் மூலம் 'கேன்'. அதில் எல் ஏது? பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

சில இடங்களில் பண்டிதர்கள் முழுமையாகவே ஜெயித்துவிட்டார்கள். தவறுக்கு 'ஃபால்ட்' என்கிறோம். அது முதலில் எல் இல்லாத சொல். லத்தீனைப் பார்த்து எல் எழுதினார்கள். நாளடைவில் எழுதியதைப் பார்த்து மக்கள் வாயாலும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 'அட்வென்ச்சர்' என்பதில் வரும் டி-யும் அப்படித்தான்.

இந்த இடத்தில் ஷேக்ஸ்பியரைச் சொல்லியே ஆகவேண்டும். 1598இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' என்ற நாடகத்தில் ஹாலோஃபெர்னிஸ் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருகிறார். லத்தீன் தெரிந்த கர்வி. ஒரு ஸ்பெயின்காரரைப் பற்றி அவருக்குப் பெரிய மனக்குறை. 'டெட்', 'டவுட்' போன்ற சொற்களை அந்த மனிதர் பி இல்லாமல் உச்சரிக்கிறாராம், மொழியே கெட்டுப்போகிறதாம். நாடகம் பார்க்க வந்தவர்கள் வாத்தியாரைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். நான் எம்.ஏ. படித்தபோது இந்த நாடகத்தின் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்து தேர்வு எழுதி முடித்தவன். இந்தக் காட்சியை ஊன்றிப் படித்தது அறுபது வயதுக்கு மேல். என்னையே மேடையில் பார்த்தது போல இருந்தது.

ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை ஆறு இருக்கின்றன. அந்த ஆறும் ஒரே மாதிரி இல்லை. இன்று நாம் அவர் பெயரை எழுதும் விதத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. 1604இல் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் கடினமான சொற்களுக்கு ஓர் அகராதி போட்டார். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் முதல் அகராதி அது என்பார்கள். சொற்களைச் சரியாக எழுதக் கற்றுத்தரும் நூல் என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார். அதே பக்கத்தில் 'வேர்ட்ஸ்' என்ற சொல்லை ஓரிடத்தில் ஓர் இ சேர்த்தும், இன்னோரிடத்தில் அந்த இ இல்லாமலும் எழுதியிருக்கிறார். பாவம், அவரை யாரும் குழுவிலிருந்து விரட்டவில்லை.

சரி, இத்தனை குழப்பம் எங்கே தொடங்கியது?

1066இல் நார்மானியர்கள் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அடுத்த சில நூற்றாண்டுகள் அரசாங்கக் காகிதங்களில் லத்தீனும் பிரெஞ்சும்தான். ஆங்கிலம் வயல்காட்டிலும் அடுப்படியிலும் இருந்தது. அதை எழுத நேர்ந்தபோது பிரெஞ்சு பழகிய எழுத்தர்கள் தங்கள் பழக்கப்படி எழுதினார்கள். அரசிக்கு 'க்வீன்' என்கிறோமே, அதைப் பழைய ஆங்கிலத்தில் சி, டபிள்யூ போட்டு எழுதினார்கள். க்யூ, யூ வந்தது இவர்கள் கைவண்ணம். மகனைக் குறிக்கும் 'சன்' என்ற சொல்லுக்கு ஏன் ஓ என்று நீங்கள் யோசித்ததுண்டா? முதலில் அதில் யூ-தான் இருந்தது. பழைய கையெழுத்தில் யூ, என், எம், வி எல்லாமே நெட்டுக் கோடுகள். நாலைந்து கோடு சேர்ந்தால் எது எந்த எழுத்தென்று தெரியாது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று யூ-வை ஓ ஆக்கினார்கள் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். 'லவ்', 'கம்', 'வொண்டர்' என்ற சொற்களில் வரும் ஓ-வும் அந்த வகைதான். கையெழுத்து புரியவில்லை என்பதற்காக ஒரு மொழியே எழுத்தை மாற்றிக்கொண்டது. உங்களில் சிலருடைய விடைத்தாள்களைத் திருத்தியவன் என்ற முறையில் அந்த எழுத்தர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

பிறகு அச்சு வந்தது. வில்லியம் காக்ஸ்டன் கென்ட் பகுதியில் பிறந்தவர், துணி வியாபாரி. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ப்ரூஜ் நகரத்தில் நெடுங்காலம் இருந்து, அச்சுத்தொழிலையும் கற்றுக்கொண்டு, 1476இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார். இங்கிலாந்தில் முதல் அச்சகம் அதுதான். அவருக்கு இருந்த பெரிய தலைவலி, எந்த ஊர் ஆங்கிலத்தில் அச்சடிப்பது என்பது. 1490இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு கதை சொல்கிறார். கப்பலேற வேண்டிய வியாபாரிகள் காற்றில்லாமல் கென்ட் கரையில் இறங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டில் போய் 'எக்ஸ்' வேண்டும் என்று முட்டை கேட்கிறார். அந்த வீட்டம்மா, எனக்கு பிரெஞ்சு தெரியாதே என்கிறாள். இவருக்குக் கோபம், ஏனென்றால் இவருக்கும் பிரெஞ்சு தெரியாது, பேசியது ஆங்கிலம்தான். கடைசியில் இன்னொருவர் வந்து 'ஐரன்' என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. ஒரு நாட்டுக்குள்ளேயே முட்டைக்கு இரண்டு பெயர். இதில் எதை அச்சுக்கோப்பது என்று காக்ஸ்டன் புலம்புகிறார்.

அச்சுக்கோத்தவர்களில் அந்தக் கரையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். காக்ஸ்டனுக்குப் பிறகு அச்சகத்தை நடத்திய வின்கின் டி வொர்ட் என்பவரே இங்கிலாந்துக்காரர் அல்ல. ஃபிளாண்டர்ஸ் பேச்சில் பேய்க்கான சொல்லை ஜி-க்குப் பிறகு எச் போட்டு எழுதுவார்கள். அதே கையோடு ஆங்கிலப் பேய்க்கும் ஓர் எச் போட்டார்கள். வாத்துக்கும் வெள்ளாட்டுக்கும்கூடப் போட்டுப் பார்த்தார்கள். அவை தப்பித்துவிட்டன. 'கோஸ்ட்' மட்டும் மாட்டிக்கொண்டது. பேயை யார் போய் விடுவிப்பது?

இதைவிடப் பெரிய விஷயம், அச்சு வந்த நேரம். சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. வீட்டை அதற்கு முன்னால் 'ஹூஸ்' என்றார்கள், பிறகு 'ஹவுஸ்' ஆயிற்று. எலிகள் 'மீஸ்' ஆக இருந்து 'மைஸ்' ஆயின. பெயருக்கு 'நாம' என்பது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது 'நேம்' ஆயிற்று. நாம் சொல்லும் நாமம் வடமொழி வழியாக அதற்குத் தூரத்து உறவுதான். வாய் இப்படி மாறிக்கொண்டே இருக்க, எழுத்து ஈய அச்சில் உறைந்துவிட்டது. முழங்காலுக்கு 'நீ', வீரனுக்கு 'நைட்' என்ற சொற்களில் நிற்கும் கே ஒருகாலத்தில் உண்மையாகவே ஒலித்தது. 'நைட்' என்பதில் வரும் ஜி-யும் எச்-சும்கூடத் தொண்டையிலிருந்து வரும் ஒலியாக இருந்தன. ஆக, ஊமை எழுத்துகளில் இரண்டு சாதி. 'நைட்' என்பதில் இருப்பவை பிறகு வாய் அடைத்தவை. 'டெட்' என்பதில் இருக்கும் பி பிறவி ஊமை.

ஒரே மாதிரி ஒலித்து எழுத்தில் மாறுபடும் சொற்கள் இத்தனை இருப்பதற்கும் இதுவே பெரிய காரணம். சந்திப்பதற்கு 'மீட்', இறைச்சிக்கும் 'மீட்'. முன்னதில் இரண்டு இ, பின்னதில் இ, ஏ. இவை இரண்டும் பழைய காலத்தில் வேறு வேறு ஒலி. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒன்றாகிவிட்டன. எழுத்து மட்டும் பழைய வேற்றுமையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நம் அரை, அறை போலத்தான். இடுப்பில் இருக்கும் அரையையும் வீட்டில் இருக்கும் அறையையும் பேச்சில் பிரித்துச் சொல்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? உடைப்பதற்கும் வண்டியை நிறுத்துவதற்கும் 'பிரேக்' என்று ஒரே ஒலி. நிறுத்தும் 'பிரேக்' இருக்க வேண்டிய இடத்தில் உடைக்கும் 'பிரேக்' எழுதிய மெக்கானிக் கடைப் பலகைகள் நம் ஊரில் உண்டு. அந்தப் பலகைகளைப் பார்த்து நானும் வகுப்பில் ஜோக் அடித்திருக்கிறேன்.

வேறொரு வகைக் குழப்பமும் உண்டு. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நின்ற இடத்தில் நிற்பதற்கு 'ஸ்டேஷனரி', பேப்பர் பேனாவுக்கும் 'ஸ்டேஷனரி'. முன்னதில் ஏ, பின்னதில் இ. "என்வலப்புக்கு இ, அதனால கடையில வாங்குறதுக்கு இ" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கும். நான் சொல்லாமல் விட்டது, இரண்டும் ஒரே சொல் என்பது. அந்தக் காலத்தில் பெரும்பாலான வியாபாரிகள் மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவார்கள். பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் புத்தகம் விற்றவர்கள் மட்டும் ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்தார்கள். நகராமல் உட்கார்ந்த வியாபாரி என்பதால் அவருக்கு 'ஸ்டேஷனர்' என்று பெயர் வந்தது. லண்டனில் 1403இலேயே அவர்களுக்குச் சங்கம் உண்டு. அவர் விற்ற சாமானுக்கு 'ஸ்டேஷனரி'. ஒரே வீட்டுச் சொல்லை ஏ என்றும் இ என்றும் பாகம் பிரித்தது பின்னால் வந்தவர்கள்.

பூவுக்கும் மாவுக்கும் 'ஃபிளவர்' என்று சொல்கிறோமே, அதுவும் இதே கதைதான். அரைத்த தானியத்தில் மிக நயமான பகுதி அதன் பூ. அதனால் மாவுக்கு அந்தப் பெயர். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில்கூட மாவுக்கென்று தனி எழுத்து கிடையாது. பூவுக்குள்ளேயே மாவும் அடக்கம். ஆங்கிலத்தின் எழுத்து முறை பெருமளவு நிலைபெற்றதற்குக் காரணமான நூல் அது. அதிலேயே ஒன்றாக இருந்ததை இன்று ஒரு பிள்ளை ஒன்றாக எழுதினால் தப்பு. இரும்பு, செம்பு போன்ற உலோகத்துக்கு 'மெட்டல்', மன உறுதிக்கும் 'மெட்டல்'. இதுவும் பிரிக்கப்பட்ட ஒரே சொல்தான்.

அடுத்தது நம் எல்லோருக்கும் கண்டம். 'இட்ஸ்'. அதனுடைய என்று சொல்லும்போது மேற்கோள் குறி கிடையாது, அது இருக்கிறது என்பதன் சுருக்கமாக வரும்போது குறி உண்டு. நான் சிவப்பு மையால் அதிகம் சுழித்தது இதுவாகத்தான் இருக்கும். 'அதனுடைய' என்ற பொருளில் இந்தச் சொல்லே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. அதற்கு முன் அஃறிணைக்கும் 'ஹிஸ்' என்றுதான் சொன்னார்கள். புதிய சொல் வந்தபிறகு சுமார் 1800 வரை அதைக் குறி போட்டு எழுதியவர்கள் ஏராளம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியில், முதல் பிரிவில், 'அதனுடைய' என்ற பொருளில் குறி போட்டே எழுதியிருக்கிறது. அரசியல் சாசனத்துக்கு இருக்கும் சலுகை ஒன்பதாம் வகுப்புக்குக் கிடையாது!

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எழுத்துப் பிழை எப்போதிலிருந்து வெட்கப்படும் விஷயமாயிற்று? 18ஆம் நூற்றாண்டில். அச்சுப் புத்தகங்களில் எழுத்து ஓரளவு ஒரே சீராகிவிட்டது. பணம் படைத்தவர்களும் பதவிக்கு ஆசைப்பட்டவர்களும் ஆளைத் தரம் பிரிக்க ஓர் அளவுகோல் தேடினார்கள். செஸ்டர்ஃபீல்டு பிரபு தன் மகனுக்கு எழுதிய கடிதங்கள் பிரபலமானவை. 1750இல் எழுதிய ஒன்றில், ஒரே ஓர் எழுத்துப் பிழை போதும், ஒரு பெரிய மனிதனை ஆயுள் முழுக்கக் கேலிப்பொருளாக்கிவிடும் என்று எச்சரிக்கிறார். உதாரணமும் சொல்கிறார். உடலுக்கு நல்லது என்று பொருள்படும் 'ஹோல்சம்' என்ற சொல்லில் ஒருவர் டபிள்யூ-வை விட்டுவிட்டாராம். அந்தக் கேலியிலிருந்து அவர் கடைசிவரை மீளவே இல்லையாம்.

இதில் பிரபுவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தச் சொல்லில் பழங்காலத்தில் டபிள்யூ கிடையாது. உடல்நலத்துக்கு 'ஹெல்த்', குணமாவதற்கு 'ஹீல்' என்று சொல்கிறோமே, இவற்றின் உடன்பிறப்பு அது. இவற்றில் டபிள்யூ இருக்கிறதா? 15, 16ஆம் நூற்றாண்டுகளில் யார் யாரோ முன்னால் கொண்டுவந்து வைத்த எழுத்து அது. ஆயுள் முழுக்கச் சிரிக்கப்பட்ட அந்த மனிதர், தாத்தாவுக்குத் தாத்தா எழுதியதைத்தான் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கேலி இன்னும் ஓயவில்லை. 1992இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த டான் குவேல், நியூ ஜெர்சியில் ட்ரென்டன் நகரத்துப் பள்ளி ஒன்றுக்குப் போனார். ஒரு பையன் பலகையில் உருளைக்கிழங்கைச் சரியாகவே எழுதினான். அவர் தன் கையில் கொடுத்திருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓர் இ சேர்க்கச் சொன்னார். அவர் நாலு வருடம் பதவியில் இருந்தார். மக்களுக்கு இன்று ஞாபகம் இருப்பது அந்த இ மட்டும்தான்.

இத்தனை கோணலாக இருந்தால் நேராக்க யாரும் முயலவில்லையா என்று கேட்பீர்கள். முயன்றவர்கள் நிறைய. நோவா வெப்ஸ்டர் 1828 அகராதி வழியாக அமெரிக்காவில் 'கலர்' என்பதிலிருந்து யூ-வை எடுத்தார், 'சென்டர்' என்பதன் வாலைத் திருப்பினார். நாக்கைக் குறிக்கும் 'டங்' என்பதையும் ஒலிக்கிறபடி டி, யூ, என், ஜி என்று எழுதச் சொன்னார், அதை யாரும் கேட்கவில்லை. 1906இல் இரும்புத் தொழிலதிபர் கார்னகியின் பணத்தில் ஒரு குழு உருவாகி முந்நூறு சொற்களை எளிமையாக்கிப் பட்டியல் போட்டது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அரசு அச்சகத்துக்கே உத்தரவு போட்டுவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்து தள்ளின. டிசம்பரில் பிரதிநிதிகள் சபை எதிர்த்தது, அவர் பின்வாங்கினார். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா புதிய எழுத்துகளே உருவாக்கச் சொல்லி உயிலில் பணம் வைத்துவிட்டு 1950இல் இறந்தார். 1962இல் அந்த எழுத்தில் அவருடைய ஒரு நாடகம் வெளிவந்தது. அதோடு சரி.

நம் பக்கம் பாருங்கள். பெரியார் 1930களிலேயே தம் பத்திரிகையில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகப் போட்டது. துதிக்கை வைத்த லை, ளை, னை எல்லாம் பாடநூலிலிருந்து போய்விட்டன. என் கை மட்டும் பழக்கத்தில் பல வருடங்கள் துதிக்கை போட்டுக்கொண்டிருந்தது, பிள்ளைகள் திருத்துவார்கள். அங்கே முடியாதது இங்கே முடிந்ததற்குக் காரணம், இங்கே பாடநூல் ஓர் அரசாங்கத்தின் கையில் இருந்தது, மாற்றியதும் சில எழுத்து வடிவங்களை மட்டும்தான் என்று நான் நினைக்கிறேன். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு சொந்தக்காரர் கிடையாது. அதில் நாமே கை வைத்துப் பார்த்ததும் உண்டு. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் உச்சரிப்புப்படியே எழுத வேண்டும் என்று அரசாணை வெளியானது. கோயம்புத்தூரை அந்த முறையில் எழுதிப் பார்த்த மக்கள் அலறினார்கள். ஒரு வாரம் போல இருந்தது, திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். விண்ணப்பத்தில் பிழை இருந்தால் தூக்கி எறிபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது வகுப்பெடுக்கச் சொன்னாலும் 'டெட்' என்பதை பி போட்டுத்தான் எழுதச் சொல்லுவேன். ஆனால் பி எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் சொல்லுவேன். ஐம்பது முறை எழுதச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, குழுவில் சிரித்தவர்களுக்கு. இழப்பதற்கான 'லூஸ்' என்ற சொல்லுக்கு ஏன் ஒரே ஓ? தேர்ந்தெடுப்பதற்கான 'சூஸ்' என்பதற்கு இரண்டு ஓ. இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஒலிப்படி பார்த்தால் இதற்கும் இரண்டு ஓ வருவதுதான் நியாயம். பலர் அப்படித்தான் எழுதவும் எழுதினார்கள். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1623இல், அவர் நாடகங்களைத் தொகுத்து நண்பர்கள் வெளியிட்ட பெரிய புத்தகம் இருக்கிறது. அதன் ஒரு பிரதி இன்று கோடிக்கணக்கில் விலை போகும். அதில் இழப்பதைக் குறிக்கும் 'லூஸ்' பல இடங்களில் இரண்டு ஓ போட்டே அச்சாகியிருக்கிறது. நம் ஆள் எழுதியது போலவே.

அவனுக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவன் கடைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இந்தப் பதிவை அவனிடம் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன். அவன் வரவில்லை என்றால் அடுத்த வாரம் நானே பஸ் ஏறி அவன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள்.